வீட்டிற் கற்ற பிள்ளையும் கல்லூரி விண்ணப்பமும்

(கரக்பூரில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இவ்விழாவில் பேசவேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது தயங்கினோம். இலக்கியம் பேசுதற்குப் புலவர் பெருமக்கள் இருக்கின்றனர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்திற் கோப்புகளுக்கு நடுவே காலங்கழிக்கும் எங்களைப் போன்ற எழுத்தர்களுக்கு மேடையில் என்ன வேலை? அதற்கு அவர், "மாதம் ஒருவராவது உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். அதற்குரிய விடையை எல்லோருக்குமாக ஒருமுறை சொல்லிவிடுங்கள், உங்களுக்கும் காப்பிப் பொடி மிச்சமாகும்" என்றார். அந்தக் கணக்கு எங்களுக்கு ஏற்புடையதாகத் தோன்றியது.

அந்தக் கேள்வி யாதெனில், "பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படித்த பிள்ளையைக் கல்லூரியிற் சேர்த்துக்கொள்வார்களா?" என்பதாகும். சேர்த்துக்கொள்வார்கள். எங்கள் மகள் இப்பொழுது கணிதத்தில் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஆனால் வீட்டிற் படித்துவிட்டு நேரே கல்லூரி வாயிலிற் போய் நின்றால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். இவ்விரண்டுக்கும் இடையில் உள்ள வழி, நம் ஊர் ரயில் நிலையத்தின் 1072 மீட்டர் நடைமேடையைப் போல் நீண்டது. நடந்து கடக்கத்தக்கதே, எந்தக் கோடியில் நம் பெட்டி வந்து நிற்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டிலே இது கொள்கையினால் நேர்ந்ததன்று. மகள் எட்டாம் வகுப்பிற் படிக்கும்போது மூட்டு வாதம் கண்டது. காலையில் எழுந்து நிற்க ஒரு மணி நேரம் ஆகும். மாதத்திற் பத்து நாள் பள்ளிக்குப் போனால் அதிகம். மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் விதிப்படி வருகைப் பதிவு நூற்றுக்கு 75 இருந்தாலன்றிப் பொதுத் தேர்வு எழுத இயலாது. மருத்துவச் சான்று காட்டிச் சலுகை பெறலாம். அதற்கும் ஓர் அளவு உண்டன்றோ? மருத்துவர், "இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும், பொறுமையாக இருங்கள்" என்றார். பள்ளியிலிருந்து நிறுத்தினோம். உறவினர் கடிதம் மேற் கடிதம் எழுதினர். "பெண் குழந்தை, படிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும்" என்றவர் சிலர். "பெண் குழந்தைதானே, படிப்பு இல்லாவிட்டால் என்ன" என்றவரும் சிலர். இரண்டாவது வகைக் கடிதங்களுக்கு நாங்கள் விடை எழுதவில்லை.

கணிதமும் அறிவியலும் அவளுடைய தாயார் கற்பித்தார்கள். ஓய்வுபெற்ற வங்காள ஆசிரியர் ஒருவர், மாடிவீட்டுக்காரர், ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். தமிழ் நம் சங்கத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பிலும் நூலகத்திலும் கற்றாள். பிள்ளை தனித்துவிடுவாளே என்ற கவலைதான் எங்களைப் பெரிதும் வாட்டியது. பாடம் எப்படியாவது நடந்துவிடும்; மாலை நான்கு மணிக்குத் தெருவிலே மற்றப் பிள்ளைகள் புத்தகப் பையோடு திரும்பும் ஓசை கேட்கும்பொழுது அவள் சன்னலைச் சாத்திக்கொள்வாள். ஞாயிறு வகுப்பு இல்லாதிருந்தால் என்ன செய்திருப்போமோ அறியோம்.

நிற்க. வீட்டிலே கற்றல் நம்மவர்க்குப் புதிதா? உ. வே. சாமிநாதையர் பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெற்றவர் அல்லர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் குருகுல முறையிற் கற்றவர். 1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் அரசினர் கல்லூரி அவரைத் தமிழாசிரியராக ஏற்றது; 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்துத் தன்னைச் சிறப்பித்துக்கொண்டது. கணித மேதை இராமானுசன் 1907-இல் எப்.ஏ. தேர்வைத் தனித்தேர்வராக எழுதித் தோற்றவர். 1912-இல் சென்னைத் துறைமுகத்திலே மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராக அமர்ந்தார். எங்கள் இனத்தவர் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு அவர் ஒருவரே போதும். பட்டமில்லாத அந்த எழுத்தருக்கு 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. நாம் வாழும் இந்த வங்கத்திலே, பள்ளி பிடிக்காமல் வீட்டாசிரியர்களிடம் கற்ற இரவீந்திரநாத தாகூர் 1921-இல் விசுவபாரதியையே நிறுவினார்.

இவற்றையெல்லாம் சொல்லிப் பெற்றோர் சிலர் எங்களிடம் வாதிடுவதுண்டு. "இராமானுசனுக்குச் சான்றிதழா இருந்தது?" என்பார்கள். அன்பர்களே, இராமானுசன் பல ஆண்டு பட்டினி கிடந்த பின்னரே அந்த 75 ரூபாய் வந்தது. அன்றியும், இக்காலத்து வாயில்கள் வேறு. மும்பையைச் சேர்ந்த ஒரு பெண்ணைப் பற்றிச் செய்தித்தாள்களிற் படித்திருப்பீர்கள். பத்தாவதும் பன்னிரண்டாவதும் எழுதாமல் வீட்டிலேயே கற்றவர். பன்னாட்டுக் கணினி நிரல் ஒலிம்பியாடில் மூன்று முறை பதக்கம் வென்றவர். 2016-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. அவரை ஏற்றது. நம் நாட்டு ஐ.ஐ.டி.யில் அவர் சேர வழியில்லை. பன்னிரண்டாம் வகுப்புச் சான்று இன்றி அங்கே நுழைய முடியாது. இங்கே அவருடைய தகுதியைக் கண்டு இடமளித்தது சென்னையை அடுத்த சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகம். தமிழ் மண்ணிலுள்ள ஒரு நிறுவனம் அதைச் செய்தது என்பதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் பன்னாட்டுப் பதக்கம் மூன்று வைத்திருக்கும் பிள்ளைகள் நம் குடியிருப்பில் எத்தனை பேர்? நம் பிள்ளைகளுக்குச் சான்றிதழே பதக்கம்.

ஆதலால் அந்தச் சான்றிதழை வீட்டிலிருந்தபடியே பெறும் வழியைச் சொல்லுகிறோம். தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் என்று ஒன்று உண்டு. 1979-இல் மத்திய வாரியத்தின் ஒரு திட்டமாகத் தொடங்கி, 1989-இல் தனி நிறுவனமாகி, 2002-இல் இப்பெயர் பெற்றது. இதன் பத்தாம் வகுப்புக்கு 14 வயதும், பன்னிரண்டாம் வகுப்புக்கு 15 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்பிற் சேர எட்டாம் வகுப்புச் சான்று இல்லாவிட்டாலும் குற்றமில்லை. "இப்பாடங்களைக் கற்கும் அளவுக்கு நான் படித்திருக்கிறேன்" என்று மாணவரே தரும் உறுதிமொழியை ஏற்கிறார்கள். அரசு நிறுவனம் ஒன்று குழந்தையின் சொல்லை நம்புகிறது என்பதைக் கண்டபோது, நாள்தோறும் மூன்று நகல்களில் அத்தாட்சி கேட்கும் எங்களைப் போன்ற எழுத்தர்களுக்கு வியப்பாகவே இருந்தது. பன்னிரண்டாம் வகுப்புக்கு மட்டும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்று கட்டாயம்.

ஐந்து பாடங்களில் தேற வேண்டும். ஒரே மூச்சில் தேற வேண்டுவதில்லை. பதிவு ஐந்து ஆண்டு செல்லும். அதற்குள் ஒன்பது வாய்ப்புகள். எங்கள் மகள் உடல்நலம் இருந்த பருவத்தில் இரண்டு பாடமும், அடுத்த பருவத்தில் மூன்று பாடமுமாக எழுதினாள். பள்ளியாக இருந்திருந்தால் ஓர் ஆண்டையே இழந்திருப்பாள். ஒப்படைப்புப் பயிற்சிகளுக்கும் மதிப்பெண்ணிற் பங்கு உண்டு. அவற்றைக் காலத்தில் அனுப்பாமல் தேர்வை மட்டும் எழுதுவோர் வீணே மதிப்பெண் இழக்கின்றனர். இயற்பியல், வேதியியல் எடுப்போர் கற்றல் மையத்துக்குச் சென்று செய்முறைப் பயிற்சியும் தேர்வும் முடிக்க வேண்டும். இதனை வீட்டு அடுக்களையிற் செய்ய இயலாது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. எழுத்தர் கண்ணுக்கே அது புலப்படும். பொதுத் தேர்வு ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் – மே மாதங்களிலும் அக்டோபர் – நவம்பர் மாதங்களிலும் நடைபெறுகிறது. ஏப்ரலில் எழுதினால் முடிவு வருவதற்கும் கல்லூரி விண்ணப்பம் முடிவதற்கும் இடையே நாள் போதாமற் போகலாம். முடிவு வந்தாலும் அச்சிட்ட மதிப்பெண் பட்டியல் கைக்கு வரச் சில வாரம் பிடிக்கும். ஆகவே கடைசிப் பாடங்களை முந்திய அக்டோபரிலேயே முடித்துவிடுதல் நன்று. பத்தாவது தேறியதற்கும் பன்னிரண்டாவது முழுச் சான்று பெறுவதற்கும் இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும் என்பதையும் மறவாமல் பின்னோக்கிக் கணக்கிடுக. கல்லூரி எந்த ஆண்டு சூன் மாதம் என்று முதலில் எழுதிக்கொண்டு, அங்கிருந்து பின்னாலே எண்ணி வர வேண்டும். ரயில் கால அட்டவணை அப்படித்தான் போடப்படுகிறது. சேருமிடத்து நேரத்தை நோக்கியே புறப்படும் நேரம் குறிக்கப்படும்.

பாடத் தேர்வும் அவ்வாறே. எளிதென்று ஐந்து பாடங்களைப் பொறுக்கி எடுத்துத் தேறிவிட்டுப் பின்னர்ப் பொறியியலுக்கு விண்ணப்பிக்கப் போன ஒரு பிள்ளையை அறிவோம். கணிதம் இல்லை என்று விண்ணப்பத்தையே ஏற்கவில்லை. அப்பிள்ளை மேலும் ஓர் ஆண்டு செலவிட்டு அந்த ஒரு பாடத்தை எழுத நேர்ந்தது.

இனிக் கல்லூரி வாயிலுக்கு வருவோம். பெரும்பாலும் விண்ணப்பம் இப்பொழுது கணினி வழியே. வங்க அரசு 2024-இல் தன் கல்லூரிகளுக்கென ஒரே இணையவாயில் திறந்தது. தனியே விண்ணப்பம் வாங்கும் கல்லூரிகளும் உள்ளன; எங்கள் மகள் சேர விரும்பியது அத்தகைய ஒன்று. மதிப்பெண் போதுமானதாக இருந்தது. பட்டியலில் பெயர் வந்தது. சான்றிதழ் சரிபார்க்கும் நாளில்தான் சிக்கல்.

படிவத்திலே "கடைசியாகப் பயின்ற பள்ளி" என்று ஒரு கட்டம். அதில் திறந்தநிலை நிறுவனத்தின் பெயரையும், கீழே கற்றல் மையத்தின் பெயரையும் எழுதியிருந்தோம். சாளரத்துக்கு அப்பால் இருந்த எழுத்தர் அதை இருமுறை படித்தார். "தாதா, இது பள்ளியின் பெயர் இல்லையே" என்றார். பிறகு மாற்றுச் சான்றிதழ் கேட்டார். திறந்தநிலை நிறுவனம் இடப்பெயர்வுச் சான்றும் மாற்றுச் சான்றும் ஒன்றாக ஒரே தாளிற் கொடுக்கிறது, அதைக் காட்டினோம். "தலைமையாசிரியர் கையெழுத்து எங்கே? நன்னடத்தைச் சான்று எங்கே? பள்ளிக்கு ஒழுங்காகச் சென்ற மாணவர்க்கே இடம்" என்று தாள்களைத் திருப்பி நீட்டினார். மகள் பக்கத்தில் ஊன்றுகோலோடு நின்றிருந்தாள். அவள் ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்ததும், "அப்பா, நான் எழுதின தேர்வு பொய்யா?" என்றாள்.

அன்பர்களே, அந்த எழுத்தர்மேல் எங்களுக்குச் சினம் வந்தது உண்மை. ஆயினும் இருபதாண்டு அதே நாற்காலியில் அமர்ந்த அனுபவம் எங்களுக்கும் உண்டு. அவர் கெட்டவர் அல்லர். நாளை தணிக்கைக்காரர் வந்து, "இக்கட்டத்தை நிரப்பாமல் எப்படிச் சேர்த்தாய்?" என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு தாள் இல்லையே என்று அஞ்சுகிறார். அவர் விரும்புவது மறுப்பதையன்று. தம்மைக் காக்கும் ஒரு தாளை. அந்தத் தாளை நாம் கொடுத்துவிட்டால் அவர் நம் பக்கம் ஆகிவிடுவார்.

அன்றிரவே முதல்வருக்கு ஒரு பக்க விண்ணப்பம் எழுதினோம். அழுகையும் இல்லை, ஆவேசமும் இல்லை. மாணவியின் பெயர், தர வரிசை எண், தேறிய தேர்வு, பாடங்கள், மதிப்பெண். அடுத்து, இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் இந்நிறுவனத்தின் சான்றிதழை மற்ற வாரியங்களின் சான்றிதழுக்கு ஒப்பாக ஏற்றிருக்கிறது என்பதைக் குறித்து, அதற்குரிய கடிதத்தின் நகலை இணைத்தோம். மருத்துவச் சான்றும், பள்ளி விட்ட ஆண்டுகளுக்கு நோட்டரி முன் செய்த உறுதிமொழிப் பத்திரமும் சேர்த்தோம். நன்னடத்தைச் சான்று கற்றல் மையத்து ஒருங்கிணைப்பாளரிடம் வாங்கினோம். கடைசியிலே ஒரு வாக்கியம்: "சேர்க்கை மறுக்கப்படுமாயின், எவ்விதியின்கீழ் மறுக்கப்படுகிறது என்பதை எழுத்தில் தெரிவிக்கக் கோருகிறோம்." காலையில் உள்வரும் தபாற் பிரிவிற் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் இடச் செய்து வாங்கிக்கொண்டோம்.

மூன்றாம் நாள் தொலைபேசி வந்தது. போனோம். அதே எழுத்தர், அதே சாளரம். எங்கள் விண்ணப்பத்தின்மீது முதல்வர் பச்சை மையில் எழுதியிருந்த ஒரு வரியைக் காட்டி, "இது முன்னமே இருந்திருந்தால் அன்றே முடித்திருப்பேன், தாதா" என்றார். கட்டணச் சீட்டைத் தாமே நிரப்பிக் கொடுத்தார். ஒருவர் சிபாரிசும் தேவைப்படவில்லை. ஒரு காசும் கைமாறவில்லை.

இதிலிருந்து வேண்டுவது யாதெனில், அந்தத் தாள்களையெல்லாம் மறுப்பு வந்தபின் தேடாமல் முதல் நாளே கோப்பிற் கட்டிக்கொண்டு செல்வதே. இன்னொன்றும் சேர்த்துக்கொள்க. வீட்டிலே என்ன படித்தாள், எந்த நூல், எந்த மாதம் என்று அவளுடைய தாயார் ஒரு நாட்குறிப்பு வைத்திருந்தார்கள். அது சட்டப்படி ஒன்றும் செல்லாது. ஆனால் கணிதத் துறைத் தலைவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு அரைமணி நேரம் மகளோடு பேசிக்கொண்டிருந்தார். மதிப்பெண் பட்டியல் அதைச் செய்திராது.

நுழைவுத் தேர்வுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். ஐ.ஐ.டி. முதலியவற்றுக்கான கூட்டு நுழைவுத் தேர்வு விதிகளிலேயே, திறந்தநிலை நிறுவனத்தில் ஐந்து பாடத்தோடு தேறிய பன்னிரண்டாம் வகுப்பு ஏற்கப்படும் என்று இருக்கிறது. 1951-இல் தோன்றிய முதல் ஐ.ஐ.டி. நம் ஊரிலேயே இருக்கிறது; அதன் சுவரைச் சுற்றி மாலையில் உலாவும் பெற்றோர்கள் இதைக் குறித்துக்கொள்க. நூற்றுக்கு 75 மதிப்பெண் என்ற நிபந்தனை பிறரைப் போல் இவர்களுக்கும் உண்டு. மருத்துவத்திலே 2018-இல் திறந்தநிலைப் பள்ளி மாணவரும் தனித்தேர்வரும் நீட் எழுதலாகாது என்று விதி வந்தது. தில்லி உயர் நீதிமன்றம் அவ்வாண்டு மே மாதத்தில் அது செல்லாது எனத் தீர்ப்பளித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, அங்கீகாரம் பெற்ற திறந்தநிலைப் பள்ளிகளை ஏற்பதாகத் தேசிய மருத்துவ ஆணையம் கூறிய பின் 2024-இல் முடிவுற்றது. ஆறு ஆண்டு! இடையில் எத்தனை பிள்ளைகள் வேறு படிப்புக்குப் போனார்களோ.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு நடைபெறுகிறது. வீட்டிற் கற்றவர்க்கு இது பெரிய நன்மை. எங்கே படித்தாய் என்பதைவிட இப்பொழுது என்ன தெரியும் என்றே இத்தேர்வு கேட்கிறது. இதில் எழுதக்கூடிய 13 மொழிகளில் நம் தமிழும் ஒன்று.

தமிழ் என்றதும் ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. இவ்வூர்ப் பள்ளிகளில் வங்காளம் உண்டு, இந்தி உண்டு. தமிழ் கற்க நம் பிள்ளைகளுக்கு வழி இல்லை. திறந்தநிலை நிறுவனத்தின் பத்தாம் வகுப்பிலே தமிழை மொழிப்பாடமாக எடுக்கலாம். எங்கள் மகள் எடுத்தாள். நம் நூலகத்து நூல்களைக் கொண்டே படித்தாள். அவளுடைய அண்ணன் எல்லா ஆண்டும் தவறாமற் பள்ளிக்குப் போனவன். நல்ல மதிப்பெண் பெற்றவன். தாத்தாவுக்குக் கடிதம் எழுதத் தங்கையிடம் கொடுக்கிறான். நோய் கொடுத்த வரம் என்று இதைச் சொல்ல மாட்டோம். நோயை வரமென்பவர் அதனோடு ஓர் இரவு விழித்திருந்து பார்க்கட்டும். ஆயினும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் சங்கம் இதற்கு ஒரு வழி காண வேண்டும் என்பதைச் செயற்குழுவின் முன் வைக்கிறோம்.

பள்ளிக்கூடமே வீண், பயிற்சி நிலையம் போதும் என்று நல்ல உடல்நலமுள்ள பிள்ளைகளை நிறுத்துவோரும் எங்களிடம் யோசனை கேட்டு வருகின்றனர். அவர்களுக்கும் தாள்களைப் பற்றிச் சொல்லுகிறோம். ஆனால் அந்தக் கருத்துக்கு நாங்கள் உடன்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுகிறோம். நான்கு மணிக்குச் சாத்திய சன்னலை அவர்கள் பார்த்ததில்லை. உடற்குறை மிகுந்த குழந்தைகளின் நிலை வேறு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்துக்கு 2012-இல் செய்த திருத்தம், கடும் குறைபாடு உடையோர் வீட்டிலிருந்தே கற்கும் உரிமையைத் தெளிவாகவே அளித்திருக்கிறது. அத்தகைய குழந்தையுடைய குடும்பங்கள் நம்மிடையே இரண்டு உண்டு. அவர்கள் யாரையும் கெஞ்ச வேண்டுவதில்லை.

திறந்தநிலை நிறுவனத்தின் விதிநூல், பல்கலைக்கழகங்களின் சங்கத்துக் கடிதத்தின் நகல், நாங்கள் முதல்வருக்கு எழுதிய விண்ணப்பத்தின் படி ஆகிய மூன்றையும் ஓர் உறையிலிட்டுச் சங்க நூலகத்தில் வைத்திருக்கிறோம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குமேல் நாங்களும் அங்கே இருப்போம். வருவோர் பிறப்புச் சான்று, பழைய பள்ளியின் கடைசி மதிப்பெண் அட்டை இருந்தால் அது, ஒளிப்படம் நான்கு ஆகியவற்றைக் கொண்டுவருக. மாணவரும் உடன் வருதல் வேண்டும். எந்தப் பாடம் பிடிக்கும் என்பதை அவரையே கேட்க விரும்புகிறோம். எங்கள் மகளும் இருப்பாள். காப்பி சங்கத்துச் செலவு என்று செயலாளர் அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்.